எண்ணெய் போட்டு வைத்த சாவி

மலையடிவாரத்தில் ஒரு மடம். மடம் என்றதும் கோபுரம், யானை, பல்லக்கு என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். நாலு ஓட்டுக் கட்டடம், ஒரு கிணறு, ரெண்டு மாடு. அவ்வளவுதான்.

அதன் குரு ஒரு பெண். செங்கமலத்தம்மா என்று பெயர். சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட வயதில் மூத்தவர்கள். அவர்கள் அவரை அம்மா என்பார்கள். அவர் அவர்களை அண்ணே, அக்கா என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு யார் குரு, யார் சீடர் என்று பிடிபட ஒரு வாரம் ஆகும்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சேருகிறவர் தன் பெட்டியைப் பூட்டி, சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும். அம்மா அதை இன்னொரு சீடரிடம் கொடுப்பார். அதன்பிறகு துண்டு வேண்டுமா, சோப்பு வேண்டுமா, அந்த ஆளிடம் போய்ச் சாவியைக் கேட்டு வாங்கித்தான் எடுக்க வேண்டும். எடுத்ததும் பூட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தன் சாவியைத் தானே வைத்திருக்கும் ஆள் அங்கே ஒருவர்கூடக் கிடையாது.

இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் அம்மா சிரிப்பார். "எங்க குரு காலத்துலயும் இப்படித்தான்" என்பார். அதற்கு மேல் வாயைத் திறக்கமாட்டார்.

இந்த மடத்துக்குத்தான் ஆண்டியப்பன் வந்து சேர்ந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. ஒரு தகரப் பெட்டி, ஒரு போர்வை. அதோடு பெட்டிக்குள் போடாமல் மடியில் செருகி வைத்திருந்த ஒரு சின்னப் பொட்டலம்.

பொட்டலத்தில் கம்பிகள். குடைக்கம்பியை வளைத்துச் செய்தது ஒன்று, சைக்கிள் சக்கரத்துப் போக்ஸ் கம்பியைத் தேய்த்துச் செய்தது ஒன்று, ரெண்டு கொண்டை ஊசி.

ஆண்டியப்பனுக்குப் பூட்டுப் பைத்தியம். பெரிய பூட்டு அல்ல. வீட்டுப் பூட்டு, கடைப் பூட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். பெட்டிக்குப் போடுகிற சின்னப் பூட்டு, சந்தையில் கூறு கட்டி விற்கிற பூட்டு, இவைதான் அவருக்கு உயிர். ஒரு கம்பியை மெல்லத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கம்பியால் உள்ளே துழாவுவார். உள்ளே சின்னச் சின்னக் குச்சிகள் இருக்கும். ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். அழுத்தினால் பூட்டு முறுக்கிக்கொள்ளும். விட்டுப் பிடித்தால் இளகும். கடைசிக் குச்சி ஏறியதும் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அந்தச் சத்தத்துக்காக அவர் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருப்பார்.

இந்த வேலையில் அவருக்கு ஒரு கண்டிப்பும் உண்டு. அடுத்தவர் பூட்டை அவராகத் தொடமாட்டார். கேட்டுக்கொண்டால்தான் தொடுவார். அந்த விஷயத்தில் மனிதர் சுத்தம்.

ஆண்டியப்பனின் பெட்டிச் சாவி காத்தமுத்து என்ற பெரியவரிடம் போனது. காத்தமுத்து காலமெல்லாம் ரேஷன் கடையில் எடை போட்டவர். இப்போது ஒரு கால் சரியில்லை. மாட்டுக்கொட்டகைக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்திருப்பார். அங்கிருந்து எழுந்திருப்பதே பெரும்பாடு.

முதல் நாள் ஆண்டியப்பன் போய்க் கேட்டார்.

"அண்ணே, சாவி குடுங்க."

"எதுக்கு?"

"துண்டு எடுக்கணும்."

"கையில இருக்கறது என்ன?"

"இது ஈரத் துண்டுண்ணே."

"காயப் போட்டா காயப் போகுது. என்ன அவசரம்?"

அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்க்கக் காத்தமுத்துவுக்கு ஒரு யுகம் ஆயிற்று. அவிழ்த்து முடித்தும் கொடுக்கவில்லை. "எந்த ஊரு நீ? எந்த ரூட்டுல கண்டக்டரு? அந்த ரூட்டுல ஒரு பாலம் இருக்குமே, அது இடிஞ்சுதா இருக்கா?" என்று வரிசையாகக் கேள்வி. ஆண்டியப்பனுக்குத் தலைசுற்றிவிட்டது. குளிக்கப் போன மனிதன் பாலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு நிற்கிறான்.

மறுநாளிலிருந்து அவர் காத்தமுத்துவிடம் போகவில்லை. மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். ரெண்டு கம்பி. 'டிக்'. துண்டை எடுத்துக்கொண்டு பூட்டை அமுக்கினார். அது தானாகப் பூட்டிக்கொண்டது.

கல்லில் உட்கார்ந்திருந்த காத்தமுத்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எதுக்கு வீண் தொந்தரவு? நான் பார்த்துக்கறேண்ணே" என்று ஆண்டியப்பன் உற்சாகமாகக் குரல் கொடுத்தார். மனதில் ஒரு கல்மிஷமும் இல்லாமல்தான் சொன்னார்.

காத்தமுத்து அரைஞாண் கயிற்றிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

மடம் முழுக்க விஷயம் பரவியது. ஆண்டியப்பன் பெட்டி திறக்கும் நேரம் பார்த்து ரெண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்து நிற்பார்கள். அவருக்கும் லேசாக உள்ளூர ஒரு பயம் இருந்தது. ஒருநாள் அம்மாவிடமே கேட்டுவிட்டார்.

"அம்மா, என் பெட்டி, என் பூட்டு. நான் கம்பி போட்டுத் திறக்கறது தப்பா?"

"எங்க, திறங்க பாப்போம்" என்றார் அம்மா.

ஆண்டியப்பன் திறந்தார். அம்மா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

"அடேயப்பா! இன்னொரு தடவை திறங்கண்ணே."

மறுபடியும் திறந்தார். அம்மா கம்பியை வாங்கித் தானும் முயன்றார். வரவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். தப்பு என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஆண்டியப்பன் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டார். நாமாக இருந்தாலும் அப்படித்தானே எடுத்துக்கொள்வோம்?

இது இப்படி இருக்க, அம்மா அவரிடம் கொடுத்த ஒரு சாவியும் அவர் மடியில் இருந்தது. அது சமையல்கட்டைப் பார்த்துக்கொள்ளும் ஒச்சம்மாவின் பெட்டிச் சாவி. அவள் பொழுதுக்கும் வந்து நிற்பாள்.

"அண்ணே, சாவியக் குடுங்க. வெத்தலை எடுக்கணும்."

"இப்பத்தானே எடுத்த?"

"அது பாக்கு. இது வெத்தலை."

வாங்குவாள். திருப்பிக் கொடுக்க வரும்போது, இன்றைக்குக் கத்தரிக்காய் சொத்தை, மாடு கறக்கவிடாமல் உதைத்தது, அம்மா சரியாகச் சாப்பிடவில்லை என்று ஒரு பாட்டம் பேசிவிட்டுப் போவாள். சில சமயம் சாவியோடு ஒரு வடையும் வரும்.

"இந்தப் பொம்பளையோட பெரிய ரோதனைப்பா" என்பார் ஆண்டியப்பன். சொல்லும்போது முகமெல்லாம் பல்லாக இருக்கும்.

ஆடி பிறந்த சமயம். காத்தமுத்து எழுந்து நடந்து அம்மாவிடம் போனார். அவர் தானாக எழுந்து நடந்ததே பெரிய செய்தி. அதைவிடப் பெரிய செய்தி அவர் சொன்னது.

"சந்தை நாள் பஸ்ஸுக்கு நான் ஊருக்குப் போறேம்மா. மகன் வீட்டுக்கு."

எல்லோருக்கும் திக்கென்றது. அந்த மகன் வீடு எப்படி என்று மடத்தில் அனைவருக்கும் தெரியும். மாடிப்படிக்குக் கீழே ஒரு கட்டில். ஒருவரும் முகம் பார்த்துப் பேசமாட்டார்கள். சாப்பாட்டுத் தட்டு வரும், காலித் தட்டு போகும். அங்கிருந்து தப்பித்துத்தான் மனிதர் இங்கே வந்தார்.

"அங்க போயி என்ன பண்ணுவீங்கண்ணே?" என்றார் அம்மா.

"இங்க மட்டும் என்ன பண்றேன்? சோத்துக்கு ஒரு ஆளு. எனக்கு இங்க ஒரு வேலையும் இல்லை."

சொல்லிவிட்டுக் கல்லுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

ஆண்டியப்பனுக்கு மனசு கேட்கவில்லை. பெரியவர் சிடுமூஞ்சிதான். ஆனாலும் அந்த மாடிப்படிக் கட்டிலுக்கா திரும்பிப் போவது? அன்று சாயங்காலம் அம்மாவிடம் வந்தார்.

"அம்மா, அந்தப் பெரியவரைப் போகவிடாதீங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா இருப்பாரு."

"இருப்பாரு" என்றார் அம்மா.

"பின்ன சொல்லுங்களேன்."

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"அண்ணே, எனக்கு ஒரு உதவி செய்யுங்க. ஒச்சம்மா அக்காவுக்கு உங்க கம்பி வித்தையைச் சொல்லிக் குடுங்க."

"நான் பெரியவரைப் பத்திப் பேசுறேன்மா."

"நானும் வேற யாரைப் பத்தியும் பேசலை."

ஆண்டியப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. குருவின் வாக்கு, தட்ட முடியுமா? அதோடு, உண்மையைச் சொன்னால், வித்தையைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னதில் அவருக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் கற்றுக்கொள்ள வந்ததில்லை.

ஒச்சம்மா தயங்கத்தான் செய்தாள். ஆனால் இளவயதிலிருந்து பூக்கட்டிய விரல்கள் அவை. நார் இறுகினால் பூ நசுங்கும், தளர்ந்தால் உதிரும் என்று தெரிந்தவை. ஆண்டியப்பன் "மெல்ல, மெல்ல" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் 'டிக்' என்றது.

"யாத்தே!" என்று கத்தினாள் ஒச்சம்மா.

ஆண்டியப்பன் தன் கொண்டை ஊசிகளையே அவளுக்குக் கொடுத்துவிட்டார். சிஷ்யைக்கு அவர் பரிசு.

அடுத்த நாள் காலை அவர் வழக்கம்போல வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். வெற்றிலை நேரம் வந்தது. ஒச்சம்மா வரவில்லை. சமையல்கட்டில் வேலையாக இருப்பாள் என்று நினைத்தார். மத்தியானம் வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை.

அதற்கு மறுநாளும் அப்படியே. சாவி மடியில் உறுத்தியது. முன்பும் அதே மடியில்தான் இருந்தது, உறுத்தியதில்லை. கத்தரிக்காய் சொத்தையா நல்லதா என்று தெரியவில்லை. மாடு ஒழுங்காகக் கறக்கிறதா என்று தெரியவில்லை. சமையல்கட்டுப் பக்கம் ரெண்டு தடவை வேலையில்லாமல் நடந்துவிட்டு வந்தார். வடை வாசனை வந்தது. வடை வரவில்லை.

சந்தைக்கு முந்தின நாள் பொறுக்க முடியாமல் போய்க் கேட்டேவிட்டார்.

"ஏன் தங்கச்சி, சாவி வாங்க வரவே இல்லையே?"

"எதுக்குண்ணே? நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. இப்ப கண்ணை மூடிக்கிட்டே திறக்குறேன்."

"அதுசரி. இருந்தாலும்..."

"உங்களுக்கு எதுக்கு வீண் தொந்தரவு? நான் பார்த்துக்கறேண்ணே" என்றாள் ஒச்சம்மா. மனதில் ஒரு கல்மிஷமும் இல்லாமல்தான் சொன்னாள்.

ஆண்டியப்பன் அப்படியே நின்றார்.

இதே வார்த்தைகள். ஒன்று கூடவில்லை, குறையவில்லை. இதைச் சொன்ன வாய் எது, கேட்ட காது எது என்று அவருக்கு நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தார். கொட்டகைக்கு எதிரே காத்தமுத்து உட்கார்ந்திருந்தார். கை இடுப்பில், அரைஞாண் கயிற்றின் மேல் இருந்தது.

அன்று ஆண்டியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் காத்தமுத்து வேட்டி மாற்றி, ஒரு மஞ்சள் பையோடு கல்லில் உட்கார்ந்திருந்தார். சந்தை நாளில் மட்டும்தான் பஸ் அடிவாரம் வரை வரும். அதை விட்டால் அடுத்த சந்தைதான்.

ஆண்டியப்பன் எதிரே போய் நின்றார்.

"அண்ணே, சாவி குடுங்க."

காத்தமுத்து நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்கு எதுக்குய்யா சாவி? கம்பி என்னாச்சு?"

"கம்பி இருக்குண்ணே."

"பின்ன?"

"கேக்கணும்னு இருந்துச்சு. கேக்குறேன்."

காத்தமுத்து அவர் முகத்தையே பார்த்தார். தராசு முள் எங்கே போய் நிற்கிறது என்று பார்க்கிறவர் மாதிரி, வெகுநேரம் பார்த்தார். பிறகு கை இடுப்புக்குப் போனது. ஆனால் இந்தத் தடவை முடிச்சு ஒரு நொடியில் அவிழ்ந்தது.

சாவி ஒரு சின்ன வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது. பிரித்தார். சாவி பளபளவென்று இருந்தது.

"தினமும் எண்ணெய் போட்டுத் துடைச்சு வப்பேன்" என்றார் காத்தமுத்து. "எப்ப கேப்பியோ தெரியாது. துரு ஏறி இருந்தா நல்லாவா இருக்கும்?"

ஆண்டியப்பன் ரெண்டு கையையும் நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

"எதுக்குன்னு சொல்லலையே" என்றார் காத்தமுத்து.

"துண்டு எடுக்கண்ணே."

"நேத்துத் துண்டு எங்க?"

"துவைச்சுக் கொடியில போட்டிருக்கேன்."

"வானம் கருத்துக்கிட்டு வருது, அதை எடுத்துப் போட்டியா?"

"இல்லைண்ணே."

"முதல்ல அதை எடு. மனுஷன்னா ஒரு ஒழுங்கு வேணாமா? பஸ்ஸுல இப்படித்தான் டிக்கெட் குடுத்தியா?"

ஆண்டியப்பன் ஓடினார். கொடியிலிருந்து துண்டை எடுத்துப் போட்டார். பெட்டியைத் திறந்தார். சாவி வெண்ணெயில் கத்தி போலப் போயிற்று. பூட்டினார். திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்.

தூரத்தில் பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. காத்தமுத்து பையைத் தூக்கினார்.

"அண்ணே" என்றார் ஆண்டியப்பன், "சோப்பை எடுக்க மறந்துட்டேன்."

"என்னய்யா நீ!"

முடிச்சு மறுபடி அவிழ்ந்தது. சாவி போயிற்று, வந்தது. பஸ் அடிவாரத்தில் வந்து நின்று உறுமிக்கொண்டிருந்தது. கிளம்பப் போகும் பஸ்ஸை விசிலடித்து நிறுத்தி ஆள் ஏற்றுவதுதான் ஆண்டியப்பனின் பிழைப்பாக இருந்தது. இன்று அவர் வேண்டிக்கொண்டது வேறு. போய்த் தொலையேன் என்று மனதுக்குள் பஸ்ஸைத் திட்டினார்.

"அண்ணே, அந்தப் பாலத்தைப் பத்திக் கேட்டீங்களே..."

"எந்தப் பாலம்?"

"நம்ம ரூட்டுல இருந்த பாலம். இடிஞ்சுதா இருக்கான்னு."

"ஆமா. இருக்கா?"

"அது ஒரு பெரிய கதைண்ணே."

காத்தமுத்து பஸ் நிற்கும் திசையைப் பார்த்தார். ஆண்டியப்பனைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார்.

"சொல்லித் தொலை" என்றார்.

ஆண்டியப்பன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆரம்பித்தார். பாலம் கட்டினதிலிருந்து ஆரம்பித்தார். பஸ் ரெண்டு தரம் ஹார்ன் அடித்துவிட்டுத் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. ரெண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஆண்டியப்பன் அம்மாவைத் தேடிப் போனார். ஒச்சம்மா அப்போதுதான் அங்கிருந்து வெளியே வந்தாள். இவரைப் பார்த்ததும் கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்கண்ணே."

"ஊசி?"

"ஊசி கொண்டைக்கு வேணும். மாடு இன்னைக்கு என்ன பண்ணுச்சு தெரியுமா? யார்கிட்டச் சொல்றதுன்னு தெரியாம நாலு நாளா வயிறு வீங்கிக் கிடக்கேன்."

ஆண்டியப்பன் சாவியைக் கொடுத்தார். மாட்டின் கதை முழுவதையும் கேட்டார். பிறகு உள்ளே போய், கம்பிப் பொட்டலத்தை அம்மா முன்னால் வைத்தார்.

"இது எனக்கு வேணாம்மா."

அம்மா பொட்டலத்தைப் பிரித்தார். குடைக்கம்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடியும் சுற்றி அவர் கையிலேயே வைத்தார்.

"இருக்கட்டும்ணே. மழைக்காலம். யாராவது சாவியைக் கிணத்துல போட்டுட்டு வந்து நிப்பாங்க. அப்ப உங்களைத்தான் தேடணும்."

ஆண்டியப்பன் பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டார். ஆனாலும் போகவில்லை. ஒரு குறை அவருக்கு மீதி இருந்தது.

"ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"அன்னைக்கு உங்ககிட்டத் திறந்து காட்டினேனே. அப்பவே, 'போயி அவர்கிட்டச் சாவி கேளுங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் கேட்டிருக்க மாட்டேனா? அவரும் இவ்வளவு நாள் மனசு நொந்து கிடந்திருக்க மாட்டாரே."

"கேட்டிருப்பீங்க" என்றார் அம்மா. "தினம் ஒரு தடவை, நான் சொன்னேன்னு, தவறாம போயிக் கேட்டிருப்பீங்க."

"அது போதாதாம்மா?"

வெளியே மழைச் சத்தத்துக்கு மேல் காத்தமுத்துவின் குரல் கேட்டது. "ஏ ஆண்டி, போர்வை வேணாமா? குளிருது, வந்து சாவிய வாங்கிட்டுப் போ!"

அம்மா அந்தக் குரல் வந்த பக்கம் பார்த்துச் சிரித்தார்.

"காலமெல்லாம் எடை போட்ட மனுஷன்ணே அவரு. நீங்க கேக்குறதுல ஒரு குந்துமணி மனசு குறைஞ்சாலும் கண்டுபிடிச்சிருப்பாரு."